ஆலை வாசலோடு நிற்கும் சலுகை

கோவில்பட்டியில் கரும்பு விளைவதில்லை. ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் கரிசல்தான். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, சூரியகாந்தி, மல்லி என்று வானம் பார்த்த வெள்ளாமை. வருஷம் பூராவும் தண்ணீர் கேட்கிற கரும்பை இந்த மண்ணில் யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். தை கழிந்தும் கண்மாயில் தண்ணீர் கிடந்தாலே எங்களுக்கு அது பெரிய பேச்சு.

ஆனாலும் கரும்புக்கு அரசாங்கம் என்ன விலை அறிவித்தது, எந்த ஆலை அரவையைத் தள்ளிப் போட்டது என்பதெல்லாம் எங்கள் கடைத்தெருவுக்கு உடனே தெரிந்துவிடும். காரணம் கடலை மிட்டாய். நிலக்கடலையும் வெல்லமும் இரண்டே சரக்கு. இரண்டில் எது ஏறினாலும் பட்டறையில் அடுப்பு எரிவது குறையும். அப்பா காலத்துப் பட்டறையை ஏற்று நடத்துகிறவன் நான். கடலையின் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெல்லத்தைப் பற்றியும், அந்த வெல்லத்துக்குப் பின்னால் இருக்கிற கரும்புக்காரனுக்கு அரசு தருகிற சலுகை எதுவரை போகிறது என்பதைப் பற்றியும் ஒரு வெல்லம் வாங்குகிறவன் பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் இங்கே கருப்பட்டியில்தான் மிட்டாய் போட்டார்கள். 1940-களில்தான் கரும்பு வெல்லம் உள்ளே வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேனிப் பக்கத்து வெல்லம் எங்கள் மிட்டாய்க்கு அமைந்தது போல வேறு வெல்லம் அமையவில்லை. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. 2014-ல் போட்ட விண்ணப்பம் அது. கரிசல் கடலை, தேனி வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பத்திரிகைகள் எழுதின. அதில் தேனி வெல்லத்தைக் காய்ச்சிய ஆளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்று அப்போதே எனக்குக் குறை.

வெல்லம் வாங்குவது கண்ணால் செய்கிற வேலை இல்லை. கண்ணை நம்பினால் பளபளவென்று மஞ்சளாக இருக்கிறதைத்தான் எடுப்போம். அந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம் ஹைட்ராஸ் என்கிற வெளுப்பு மருந்து. சாறு கொதிக்கும்போது ஒரு கை அள்ளிப் போட்டால் கறுத்த பாகு பொன்னிறமாகிவிடும். கந்தக டை ஆக்சைடு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எல்லை வகுத்திருக்கிறது; வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் அதை அளந்து பார்க்க யாரிடம் கருவி இருக்கிறது? அப்பா ஒரு மண்டை வெல்லத்தை உடைத்து, உடைந்த இடத்தில் மணியைப் பார்ப்பார். பிறகு கட்டை விரலால் அமுக்குவார். ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, அதோடு பேசாமல் நிற்பார். உப்புக் கரித்தால் அந்தக் கரும்புக்கு உவர்த் தண்ணீர் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வெல்லம் மழைக் காலத்தில் கசியும். மிட்டாய் ஐப்பசிக்குள் நமுத்துப் போகும்.

இன்னொரு சோதனை அடுப்பில்தான். வெல்லத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, திரும்பச் சட்டியில் ஊற்றி விறகுத் தீயில் காய்ச்ச வேண்டும். நுரை முதலில் பெரிசு பெரிசாக வரும், அப்புறம் சின்னதாகும், பிறகு சத்தம் மாறும். எங்கள் பட்டறையில் பாகு பார்க்கிற அக்கா கரண்டி நுனியில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீரில் விட்டு, கெட்டியானதை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டுவார். டங்கென்று கேட்டால் வறுத்துத் தோல் புடைத்த கடலையைக் கொட்டலாம். சொத்தென்று கேட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். சீனி கலந்த வெல்லமாக இருந்தால் இந்தப் பதமும் சரியாகவே வரும். மிட்டாயும் நன்றாகவே விழும். சில நாள் கழித்துத்தான் மேலே வெள்ளை பூக்கும். அதற்குள் சரக்குக் கடைக்குப் போயிருக்கும், பெயர் நம்முடையது.

வெல்லத்தில் ஏன் சீனியைக் கலக்கிறார்கள்? சீனி மலிவாக இருக்கும்போது கலக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் அரசின் கையும் இருக்கிறது. 2018 ஜூனில் மத்திய அரசு சீனிக்கு ஆலைவிலை கிலோ 29 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று தரை விலை வைத்தது. 2019 பிப்ரவரியில் அதை 31 ஆக்கியது. ஆலைகள் நொடித்துப் போய்க் கரும்புக்காரனுக்குக் காசு கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். வெல்லத்துக்கு அப்படி ஒரு தரை விலை என்றைக்கும் கிடையாது. இறங்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. விலை இறங்குகிற மாதத்தில் கொட்டகைக்காரர் கரும்பு விலையைக் குறைப்பார், முடியாவிட்டால் சீனி மூட்டையைப் பிரிப்பார்.

தேனிப் பக்கத்துக் கொட்டகைக்கு அப்பாவோடு போன நாளிலிருந்து எனக்கு அந்த இடத்து வாசனை பழக்கம். சக்கை எரிகிற புகை, கொதிக்கிற சாறு, ஓரத்தில் அழுகிய தோகை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. இரும்பு உருளைக்குள் கரும்பைத் தள்ளிவிடுகிறவர் சட்டை போட மாட்டார், துணி இழுத்துக்கொள்ளும் என்ற பயம். சாறு தொட்டியில் இறங்கி, அங்கிருந்து கொப்பரைக்கு வரும். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி அழுக்கை மேலே கொண்டுவந்து வழித்தெறிவார்கள். பொங்கி வழிய வரும்போது துளி எண்ணெய் விட்டால் அடங்கும். பிறகு பெரிய மரப்பலகையில் ஊற்றி, ஆறுகிற சூட்டிலேயே கையால் மண்டை பிடிப்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்தவன் வெல்லத்துக்கு விலை பேசும்போது கொஞ்சம் யோசிப்பான்.

ஒரு டன் கரும்பைப் பிழிந்து காய்ச்சினால் சுமாராக 100 கிலோ வெல்லம் தேறும். கரும்பும் கைப்பக்குவமும் நன்றாக இருந்தால் சற்றுக் கூடும். அந்த வெல்லம் கிலோ 40 ரூபாய்க்குப் போனால் டன்னுக்கு 4000. அதில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, காய்ச்சுகிறவர்களின் கூலி, மண்டிக் கமிஷன் எல்லாம் கழியும். கிலோ 50-க்குப் போனால் கொட்டகைக்காரர் சிரித்த முகமாகத் தேநீர் வாங்கித் தருவார். 35-க்கு இறங்கினால் போன் எடுக்க மாட்டார். இந்தக் கணக்கைத்தான் அவர் கரும்புக்காரனிடமும் பேசுவார்.

எங்களுக்குப் பல வருஷமாகச் சரக்குப் போட்ட கொட்டகைக்காரர் ஒருவர், தாமே கரும்பும் போடுகிறவர். ஆலைக்குக் கொடுக்காமல் ஏன் காய்ச்சுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அண்ணாச்சி, ஆலையில வெல கூடத்தான். ஆனா அது பேப்பர்ல இருக்கு. இங்க கொறச்சல்தான், ஆனா சாயந்தரம் பைல இருக்கு" என்றார்.

"பேப்பர்ல இருக்கிறது ஒரு நாள் வந்துதானண்ணே ஆகணும்?"

"வரும். அதுக்குள்ள எம்மக கல்யாணம் முடிஞ்சிரும்."

அவர் மலையடிவாரத்து ஆலை ஒன்றுக்குக் கரும்பு கொடுத்துவிட்டு, பாக்கிக்காக நடையாய் நடந்தவர். சட்டம் என்னவோ அவர் பக்கம்தான் இருக்கிறது. 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கரும்புக்கு இப்படி ஒரு பாதுகாப்பு சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வட்டியோடு வாங்கிய கரும்புக்காரர் யாரையாவது காட்டுங்கள் என்று அவரிடம் கேட்டேன். என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கரும்பு விலையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. நெல்லுக்கும் பயறுக்கும் அரசு அறிவிப்பது குறைந்தபட்ச ஆதரவு விலை. அரசு நிலையத்தில் எடுத்தால் அந்த விலை கிடைக்கும். வெளி வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. கரும்புக்கு 2009 முதல் இருப்பது நியாயமான ஆதாய விலை. அதை வாங்குகிற ஆலை, தனியார் ஆலையாக இருந்தாலும், கொடுத்தே தீர வேண்டும். 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறன், அதாவது சீனி தேறுகிற அளவு, உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று மத்திய அரசு வைத்தது. பிழிதிறன் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 315 ரூபாய் 10 காசு. தமிழ்நாட்டுக் கரும்பில் பெரும்பகுதி இந்தக் கீழ்த்தட்டில்தான் விழுகிறது. அதனால் டன்னுக்கு 3151 ரூபாய். மாநில அரசு 2025 வேளாண் பட்ஜெட்டில், அந்தப் பருவத்தில் ஆலைக்குக் கரும்பு தந்தவர்களுக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. இரண்டையும் கூட்டினால் 3500. அதற்கு முந்தைய பருவத்துக்கு இந்த ஊக்கத்தொகை 215, அதற்கும் முன்னால் 195. ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த 349 யாருக்கு? ஆலையில் பதிவு செய்து, ஆலையின் எடை மேடையில் ஏறி இறங்கிய கரும்புக்கு. அதே வயலில், அதே தண்ணீரில், பக்கத்து வரப்பில் விளைந்து கொட்டகைக்குப் போன கரும்புக்கு ஒன்றும் இல்லை. ஆலைக்கு என்று ஒதுக்கிய எல்லைக்குள் இருந்துகொண்டு வெளியே கரும்பை விற்றால் அதற்குத் தனிப் பேச்சு வேறு வாங்க வேண்டும். 2025-ல் வந்த புதிய சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆணை, நாளொன்றுக்கு 500 டன்னுக்கு மேல் பிழிகிற கண்ட்சாரி சர்க்கரை ஆலைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எங்களுக்குச் சரக்குப் போடுகிற கொட்டகை ஒரு நாளில் ஒன்றிரண்டு டிராக்டர் கரும்பைப் பிழிந்தால் அதிகம். 500 டன் என்ற எண்ணைக் கேட்டாலே அவர்களுக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். என் தாய்மாமன் விளாத்திகுளம் பக்கம் கரிசலில் வெள்ளாமை பார்க்கிறவர். கரும்பு ஊக்கத்தொகைச் செய்தியைப் பேப்பரில் பார்த்தால் எனக்குத்தான் போன் போடுவார்.

"மாப்ள, கரும்புக்குக் கூட்டியிருக்கானாமே. ஒனக்கு வெல்லம் ஏறுமா எறங்குமா?"

"ஏறும் மாமா. ஆலைக்குப் போற கரும்பு கூடும், கொட்டகைக்குக் கொறயும்."

"ஏறட்டும், ஏறட்டும். எங்க உளுந்துக்கு என்ன போட்டிருக்கான்னு பாரு."

பார்த்தேன். 2025-26-க்கு உளுந்து குவிண்டால் 7800, பாசிப்பயறு 8768, நிலக்கடலை 7263 ரூபாய் ஆதரவு விலை. எண்ணைப் பார்த்தால் நிறைவாக இருக்கும். அறுவடையான வாரத்தில் வியாபாரி அந்த விலையைக் கேட்டால், கொள்முதல் நிலையம் திறந்தால் அங்கே போய்ப் போடுங்கள் என்பார். நிலையம் திறக்கிற வரைக்கும் சரக்கைக் காத்து வைக்க மாமாவிடம் கிட்டங்கி இல்லை; கடன்காரர் வேறு காத்திருக்க மாட்டார். கரும்புக்காரருக்குச் சட்டம் இருக்கிறது, பணம் தாமதம். கரிசல்காரருக்குப் பணம் உடனே உண்டு, சட்டம் இல்லை. இரண்டு பேரில் யார் கொடுத்து வைத்தவர் என்று கேட்டால், பேரம் பேச ஒரு எழுத்தாவது கையில் இருக்கிறவர் என்றுதான் சொல்வேன்.

மானாவாரிக்கு அரசு காட்டுகிற வழி பயிர்க் காப்பீடு. 2016-ல் வந்த பிரதமர் திட்டத்தில் ராபி பருவ உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்துக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், பருத்தி மாதிரி வணிகப் பயிருக்கு 5 சதவீதம் பிரீமியம். புரட்டாசியில் விதைத்துவிட்டு, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுச் சேவை மையத்தில் போய் நிற்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவருக்கு அடங்கலில் பெயர் ஏறுவதே பெரிய பாடு. அதையும் தாண்டிப் பதிந்தால், இழப்பீடு பெரும்பாலும் அவரவர் நிலத்தைப் பார்த்துத் தருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்காவிலோ செய்கிற மாதிரி அறுவடையை வைத்துத்தான். கரிசலில் மழை ஒரு ஊரின் வடபுறம் பெய்து தென்புறம் பெய்யாமல் போவது வாடிக்கை. வடபுறத்துச் சோதனை வயல் நன்றாக விளைந்திருந்தால் தென்புறத்துக்காரர் பட்டியலில் வர மாட்டார். எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆட்கள் காப்பீட்டுக்காக கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பது வருஷா வருஷம் நடக்கிற காட்சி.

மின்சாரமும் இப்படித்தான். மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு ஆட்களைத் திரட்டியபோது எங்கள் வட்டாரமும் முன்னால் நின்றது. அந்தப் போராட்டத்தில் 1980-ல் குருஞ்சாக்குளத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாயுடு 1984 டிசம்பரில் மறைந்ததும் கோவில்பட்டியில்தான். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் பிற்பாடு விவசாய மோட்டார்களுக்கு இலவச மின்சாரம் வந்தது. கிணறும் மோட்டாரும் உள்ளவர்களுக்கு, அதாவது கரும்பும் வாழையும் போடுகிறவர்களுக்கு, அது பெரிய கை கொடுத்தது. மானாவாரிக் கரிசலில் பெரும்பாலோருக்குச் சுவிட்சு போட மோட்டாரே கிடையாது. போராட்டத்துக்கு ஆள் தந்த ஊர் இது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இனி வரி. எங்கள் தொழிலில் வரி என்கிற வார்த்தை 2017 ஜூலை 1-க்கு முன்னால் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது கடலை மிட்டாயை 18 சதவீதத்தில் வைத்துவிட்டார்கள். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் விற்கிற பண்டம். அதற்கு 18. கணக்குப் பார்க்கிற தம்பி விகிதப் பட்டியலைக் கொண்டு வந்து காட்டியபோது, அச்சுப் பிழையாக இருக்கும் என்றே நினைத்தோம். வெளியூர்க் கடைக்காரர்கள் பில் போட்டால் சரக்கு வேண்டாம் என்றார்கள், பில் போடாவிட்டால் லாரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். அந்த வருஷம் நவம்பர் 10-ம் தேதி கவுகாத்தியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. எள்ளுருண்டை, பொரியுருண்டை எல்லாம் அன்றைக்கு எங்களோடு சேர்ந்து கீழே இறங்கின. தீபாவளி வியாபாரம் அதற்குள் போய்விட்டது.

வெல்லத்துக்கு அப்போது பிரச்சினை இல்லை. மண்டியில் வாங்குகிற வெல்லத்துக்கு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அது மாறியது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால், பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம். உதிரியாக விற்றால் இல்லை. 25 கிலோவுக்கு மேல் போகிற மூட்டைக்கும் இல்லை. மண்டியில் வெல்லம் 30 கிலோ சிப்பமாக வருவது எங்கள் அதிர்ஷ்டம். எங்கள் பட்டறைக்கு அதனால் ஒரு பைசா கூடவில்லை.

அடி விழுந்தது வேறு ஒருவருக்கு. நான் சொன்ன கொட்டகைக்காரரின் மகன் படித்த பையன். ஹைட்ராஸ் போடாமல் காய்ச்சி, ஒரு கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் கட்டி, தங்கள் ஊர்ப் பெயரை அச்சடித்து விற்கலாம் என்று முயற்சி செய்தான். மண்டியை நம்பாமல் பிழைக்க அதுதான் வழி. 40 லட்சம் ரூபாய்க்குள் உள்ளூரில் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வரிக்குட்பட்ட சரக்கை பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். அந்தப் பையனுக்கு ஆர்டர் எல்லாம் பெங்களூரிலிருந்துதான். பதிவு, மாதாமாதம் கணக்கு, ஆடிட்டருக்குச் சம்பளம். அடையாளம் தெரியாமல் சிப்பத்தில் கொட்டி விற்றால் வரியில்லை. இது என் கரும்பு, என் வெல்லம், இதில் மருந்து இல்லை என்று பெயர் போட்டு விற்றால் வரி. கலப்படத்தைத் தடுக்க வேண்டும் என்று ஒரு துறை சொல்கிறது. கலப்படம் இல்லாதவன் லேபிள் ஒட்டினால் இன்னொரு துறை கை நீட்டுகிறது. இந்த இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்தால் தேவலை.

வருமான வரியிலும் ஒரு முடிச்சு உண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்கிற பக்குவமும் அந்த விலக்குக்குள் அடங்கும். கரும்பை அப்படியே விற்கவும் சந்தை இருக்கும்போது, அதை வெல்லமாகக் காய்ச்சுவது வழக்கமான பக்குவமா, தனித் தொழிலா? இது நீதிமன்றம் வரை போன கேள்வி. சின்னக் கொட்டகைக்காரர் வரி வரம்பையே தொடுவதில்லை என்பதால் அவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய். கொஞ்சம் பெரிதாக வளர நினைக்கிறவருக்குத்தான் ஆடிட்டர் இதைச் சொல்லிப் பயமுறுத்துவார்.

பெரிய வரிச் சலுகை வராமல் இல்லை. 2023 மத்திய பட்ஜெட்டில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் 2016-17-க்கு முந்தைய ஆண்டுகளில் கரும்பு விவசாயிகளுக்குக் கொடுத்த தொகையைச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுத்த விலையை லாபம் என்று சொல்லி வரி கேட்ட பழைய வழக்குகளுக்கு அது முடிவு. ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் நிவாரணம் என்றார்கள். நியாயமான முடிவுதான், வெகு காலம் தாமதம். அதிலும் பலன் ஆலை வாசலுக்கு உள்ளேதான்.

கொட்டகைக்கு அரசிடமிருந்து வந்த பெரிய ஆர்டர் என்றால் பொங்கல் பரிசுத் தொகுப்பைச் சொல்லலாம். 2022 பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த 21 பொருளில் வெல்லமும் ஒன்று. பல ஊர்களில் அந்த வெல்லம் ஒழுகியது, ஜனங்கள் கையில் ஏந்திப் படம் பிடித்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் வெல்லம் போய்ச் சீனி வந்தது. கரும்பையும் முதலில் விட்டுவிட்டு, விவசாயிகள் சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். முழுக் கரும்புக்குச் சத்தம் போட ஆள் இருந்தது. வெல்லத்துக்கு இல்லை. தரம் கெட்ட சரக்கை வாங்கியவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, வெல்லத்தையே நிறுத்தியதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

கடன் தள்ளுபடியும் இதே பாதைதான். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதியவருக்குத்தான் அது. கொட்டகைக்காரர் மண்டியில் முன்பணம் வாங்கிக் கரும்புக்காரருக்குக் கொடுத்திருப்பார். மண்டிக்காரருடைய நோட்டை யார் தள்ளுபடி செய்வது? மாமாவின் குத்தகை நிலத்துக்கும் அதே கதி. பி.எம். கிசானில் வருஷத்துக்கு 6000 ரூபாய் நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்கு வரும். உழுகிறவர் வேறாக இருந்தால் அவருக்கு வராது. எத்தனை திட்டத்தைப் பார்த்தாலும் எனக்குப் படுவது ஒன்றுதான்: சீட்டு இருக்கிற இடத்துக்கே சலுகை போகிறது. ஆலைச் சீட்டு, பட்டா, அடங்கல், சங்கத்துக் கணக்கு. அரசைக் கேட்டால் சீட்டில்லாமல் எப்படிக் கொடுப்பது என்பார்கள், அதிலும் தப்பில்லை. ஆகவே கொட்டகைக்கும் ஒரு சீட்டு உண்டாக்க வேண்டும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வருகிறது. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் தேவஸ்தானம் வாங்குகிறது. தரம் பிரித்து, எடை போட்டு, ஏலம் விட்டு, பில்லோடு பணம். காய்ச்சியவருக்கு அன்றைக்கு விலை இன்னதென்று தெரியும், எழுத்தில் ஒரு சாட்சியும் இருக்கும். அதே மாதிரி தேனிப் பக்கத்தில் மண்டைவெல்லத்துக்கு ஒரு கூடம் ஒழுங்காக நடந்தால், எங்கள் ஊர்ப் பட்டறைகள் அங்கேயே போய் வாங்கும். நான் முதலில் நிற்பேன். ஹைட்ராஸ் சோதனையையும் அங்கேயே வைத்துவிடலாம்; உடைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை எங்களுக்கு மிச்சம்.

குறுந்தொழில் உணவு நிறுவனங்களுக்கு 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீத மானியம், 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. கொட்டகையைப் புகையில்லாத அடுப்பாக, எவர்சில்வர் கொப்பரையாக மாற்ற அது போதும். வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் என்பதால், வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். விற்பனைக் கூடத்துப் பில் இருந்தால் அதையும் காட்டலாம். ஒன்று அமைந்தால் மற்றது தானாக அமையும்.

வேளாண் துறையிலும் நிதித் துறையிலும் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அரசு விற்பனைக் கூடத்தில் எடை போட்ட வெல்லத்தை, அதற்குப் பிழிந்த கரும்பின் அளவாகக் கணக்கிட்டு, ஆலைக் கரும்புக்குத் தருகிற ஊக்கத்தொகையில் ஒரு பங்காவது தாருங்கள். 100 கிலோ வெல்லம் என்றால் ஒரு டன் கரும்பு என்பது ஊரறிந்த கணக்கு, புதிதாக ஆராய வேண்டியதில்லை. காய்ச்சியவரே பெயர் போட்டு விற்கிற ஒரு கிலோ பொட்டலத்தை வரியிலிருந்து விடுங்கள். அதில் வருகிற வருமானம் கவுன்சிலுக்கு ஒரு பொருட்டாக இருக்காது. ரேஷன் கடையில் பொங்கலுக்கு மறுபடி வெல்லம் வைக்கிறதாக இருந்தால் இந்தக் கூடத்தில் வாங்குங்கள். கரிசல்காரர்களுக்கான காப்பீட்டைப் பற்றி என் மாமா தனியாக ஒரு மனு வைத்திருக்கிறார். அது இதைவிட நீளம்.

2024-25 பருவத்தில் ஆலைக்குப் போன ஒரு டன் கரும்புக்கு அறிவித்தது 3500 ரூபாய், அதில் 349 அரசின் பணம். கொட்டகைக்குப் போன டன்னுக்கு அரசிடமிருந்து ஒரு பைசா கிடையாது.